வீடு திரும்பும் யாத்திரை

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் வடிவம்)



அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப்பொருள்களை நான்காக வகுத்த நம் முன்னோர், அவற்றுள் முடிந்த பேற்றுக்கு இட்ட பெயர் ‘வீடு’ என்பது. உண்டு உறங்கி மக்களோடு வாழும் மனைக்கும் தமிழில் அதுவே பெயர். பற்றுகளை விட்டு அடைவது ஒன்று. பகல் முழுதும் உழைத்தவன் தொழிலை விட்டு வந்து அடைவது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரு சொல் அமைந்திருப்பதைப் புறவழக்கு என்று தள்ளிவிடலாகாது. யாத்திரை செய்து மீள்கின்றவனே அச்சொல்லின் இருபொருளையும் ஒருங்கே உணர்கின்றான்.

திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம், சேத்துப்பட்டு ஆகிய நான்கு பக்கங்களிலிருந்தும் வரும் சாலைகள் செஞ்சியில் வந்து கூடுகின்றன. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் அச்சாலைகளைப் பார்த்தவண்ணம் நிற்கின்றன. ஆண்டின் எல்லா மாதங்களிலும் இவ்வழியே யாத்திரைப் பேருந்துகள் செல்வதைக் காணலாம். அவற்றுட் சில ஒரே குடும்பத்தார் அமர்த்திக்கொண்டவை. இருக்கைகளிற் பாதியைக் கழற்றிப் பலகை பரப்பி, அதன்மேற் படுக்கை விரித்து, பின்புறத்தில் அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் புளிப் பானையும் அடுக்கி, கூரைமேல் அண்டாவும் அடுப்பும் ஏற்றிக் கட்டியிருப்பார்கள். பாட்டி முதல் கைக்குழந்தை ஈறாக மூன்று தலைமுறை அதற்குள் இருக்கும். பதினைந்து நாளோ ஒரு மாதமோ அந்தப் பேருந்தே அவர்களுக்கு மனை. வழியிலே ஒரு குளக்கரை கண்டால் அங்கே நிறுத்திக் குளிப்பதும், சாதம் வடிப்பதும், மர நிழலில் இலை போடுவதுமாக அவர்களுடைய இல்லறம் சக்கரத்தின்மேல் நடைபெறும்.

அத்தகைய பேருந்து புறப்படுகின்ற நாளைப் பலரும் பார்க்கின்றார்கள். தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி வழியனுப்ப ஊரே திரண்டு வரும். அது மீண்டு வருகின்ற நாளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. போகும்போது முன் இருக்கைக்குப் போட்டியிட்ட பிள்ளைகள் வரும்போது ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து உறங்குகின்றார்கள். போகும்போது பாடிய பாட்டு வரும்போது இல்லை. பொதுப் பணப்பையில் மிஞ்சியது எவ்வளவு என்ற கணக்கு ஒரு பக்கம். வழியில் நேர்ந்த மனத்தாங்கல் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கவலை ஒவ்வொருவர் நெஞ்சிலும் சொல்லாமல் இருக்கிறது. வர இயலாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட முதியவர் எப்படி இருக்கின்றாரோ, பசுவுக்குத் தண்ணீர் காட்டினார்களோ, துளசி வாடாமல் இருக்கின்றதோ என்பதே அக்கவலை. எத்தனை திருத்தலங்களைத் தொழுதாலும், தன் வீட்டு மாடத்தில் விளக்கு எரிகின்றது என்று கண்ணாற் காணும்வரை அந்தத் தாயின் மனம் அமைதி அடைவதில்லை.

இந்தக் கவலையைச் சிலர் பற்று என்று பழிப்பார்கள். நம் மரபு அவ்வாறு பழிக்கவில்லை. இராமேசுவரத்துக் கடல்மணலை எடுத்துச் சென்று கங்கையிற் சேர்த்து, கங்கைநீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்த பின்னும் காசி யாத்திரை முடிந்ததாகப் பெரியோர் கொள்வதில்லை. கங்கைச் செம்புடன் இல்லம் சேர்ந்து, அச்செம்புக்குப் பூசை செய்து, உற்றார்க்கும் ஊரார்க்கும் அன்னமிட்டுச் சமாராதனை நடத்தி, தீர்த்தத்தைப் பகிர்ந்து கொடுத்த பின்னரே அது நிறைவெய்தும். போகாதவர்களும் பயனிற் பங்கு பெறும்போதுதான் போனவர்களின் யாத்திரை முற்றுப்பெறுகிறது.

பேருந்தும் இருப்புப்பாதையும் இல்லாத நாளில் இம்மீட்சி எத்துணை அரியது என்பதற்குச் சென்னையில் வாழ்ந்த ஏனுகுல வீராசாமி என்பார் சான்று. சென்னை உயர்நீதி மன்றத்துக்கு முன்னோடியாகிய சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், 1830-ஆம் ஆண்டு மே மாதம் தம் குடும்பத்தாரும் பணியாளருமாகப் பெருங்கூட்டத்தோடு காசிக்குப் புறப்பட்டார். பல்லக்கும் கூடாரமுமே அவர்களுக்கு ஊர்தியும் உறையுளும். பதினைந்து மாதங்களுக்கு மேல் நடந்த அந்தப் பயணம் 1831-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திற் சென்னைக்கு மீண்ட பிறகே முடிந்தது. அவர் தெலுங்கில் எழுதிவைத்த நாட்குறிப்பு ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்ற பெயரால் நூலாயிற்று. ஆறுகள் பெருகும், காடுகள் குறுக்கிடும், காய்ச்சல் வரும் என்று அறிந்தே அக்காலத்தார் புறப்பட்டனர். திரும்பி வருவோம் என்ற உறுதி எவர்க்கும் இல்லை. ஆதலால் திரும்பி வந்ததையே தெய்வத்தின் அருள் எனக் கொண்டனர்.

மக்கள் யாத்திரை போய் மீள்வது இருக்கட்டும். எம்பெருமானே இல்லம் விட்டுப் புறப்பட்டு, நாற்பத்தெட்டு ஆண்டு வழியிலே இருந்து, மீண்டு வந்த வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றிற் செஞ்சிக்கு ஒரு தனியிடம் இருக்கிறது. அதனை இன்று நினைவுகூர்தல் இவ்விழாவுக்கு மிகவும் பொருந்தும்.

1323-ஆம் ஆண்டு டில்லிப் படை தெற்கே வந்தது. பிற்காலத்தில் முகம்மது பின் துக்ளக் என்று அரியணை ஏறிய உலுக்கானே அதன் தலைவன். திருவரங்கத்தின்மேல் அப்படை வருகின்றது என்ற செய்தி எட்டியவுடன், மூலவர் திருமுன்பைக் கல்லால் அடைத்து மறைத்துவிட்டு, உற்சவராகிய அழகிய மணவாளரை எழுந்தருளச் செய்துகொண்டு அடியார்கள் வெளியேறினர். முன்னின்று நடத்தியவர் மூப்பெய்தியிருந்த பிள்ளை லோகாசாரியர். தேரும் பல்லக்குமாகப் புறப்பாடு கண்ட திருமேனி, அன்று மூடிய பல்லக்கில், மேளமும் தாளமும் இன்றி, காட்டுவழியே சென்றது. மதுரைக்கு அருகில் சோதிடக்குடி என்ற சிற்றூரை அடைந்தபோது ஆசாரியர் உடல் தளர்ந்து அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். புறப்பட்டவர்களுள் முதல்வர் வீடு திரும்பவில்லை. பெருமானை வீடு திருப்பும் கடமையை மாத்திரம் பின்னோரிடம் ஒப்படைத்தார்.

அதன்பின் திருமாலிருஞ்சோலை, மலையாள நாடு, கன்னட நாட்டுத் திருநாராயணபுரம், திருமலை என்று பெருமானின் பயணம் நீண்டது. கொடவர் மூவர் மலைச்சரிவுக் காட்டிலே பெருமானை ஒளித்துவைத்துக் காத்து வாழ்ந்ததைக் கோயிலொழுகு கூறுகின்றது. காய்கனிகளே அமுதுபடி, மரநிழலே மண்டபம். திருமலைக் கோயிலிலே அரங்கன் தங்கியிருந்த மண்டபம் இன்றளவும் ரங்கநாயக மண்டபம் என்ற பெயரோடு விளங்குகிறது. விருந்தினர் வந்து போன பின்னும் அவர் தங்கிய அறைக்கு அவர் பெயரே நின்றுவிடுவது போன்றது அது.

இக்காலத்தில் வேதாந்த தேசிகரும் திருவரங்கம் விட்டு நீங்கி மேற்கே வாழ்ந்தார். சுதரிசன பட்டரின் சிறுவர் இருவரையும், அவர் எழுதிய சுருதப்பிரகாசிகையின் ஏடுகளையும் அவரே காத்துக் கொண்டு சென்றார் என்பது மரபு. திருவரங்கத்தார்க்கு அச்சம் நீங்கவேண்டும் என்று அவர் வேண்டிப் பாடிய நூலே அபீதிஸ்தவம். கற்றறிந்த மாமேதை, பரமபதத்தின் பெருமைகளைப் பல நூல்களில் விரித்துரைத்தவர், தம் ஊருக்கு மீளவேண்டும் என்று ஏங்கி விண்ணப்பம் செய்தார் என்றால், ஊர்ப்பற்று பத்திக்கு மாறானது என்று எவர் சொல்ல வல்லார்?

விசயநகரத்துக் குமார கம்பணர் தெற்கு நோக்கிப் படை நடத்தினார். அவருடைய தேவி கங்காதேவி அப்படையெடுப்பை ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியமாகப் பாடினார். கம்பணரின் தண்டநாயகராகச் செஞ்சியிலிருந்து ஆண்டவர் கோபணாரியர். அவர் திருமலைக்குச் சென்று அரங்கனைச் சேவித்து, அங்கிருந்து எழுந்தருளச் செய்துகொண்டு செஞ்சிக்கு வந்தார். செஞ்சியின் வடபால் சில கல் தொலைவிலுள்ள சிங்கவரத்திற் பெருமான் தங்கினார்.

சிங்கவரத்தை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். பல்லவர் காலத்துக் குடைவரையிலே, மலைப்பாறையிலேயே வடித்த நெடிய திருமேனியாக அரவணையிற் பள்ளிகொண்டிருப்பவர் அரங்கநாதர். தேசிங்குராசனின் குலதெய்வம் என்று செஞ்சி மக்கள் போற்றுவதும் அவரையே. நின்ற திருக்கோலத்திலே நெடுவழி நடந்து வந்த அரங்கர், கிடந்த திருக்கோலத்திலே அசையாது இருக்கும் அரங்கர் இல்லத்துக்கு விருந்தாக வந்தார். தன் வீட்டை நெருங்கிவிட்ட வழிப்போக்கன், தன் வீட்டைப் போலவே இருக்கும் உறவினர் வீட்டிலே ஓரிரவு தங்கினாற்போன்று இருந்தது அக்காட்சி.

ஆயினும் அங்கிருந்து உடனே புறப்பட இயலவில்லை. திருவரங்கத்துக்கு அண்மையில் கண்ணனூரிலே மதுரைச் சுல்தானின் படை இருந்தது. வழி செம்மையாகும்வரை பெருமான் சிங்கவரத்திலே காத்திருந்தார். வீட்டுக்கு அருகில் வந்துவிட்ட பின் காத்திருப்பதைப் போலக் கடியது வேறில்லை. திருமலையிலிருந்து பல ஆண்டு பொறுத்திருந்த அடியார்களுக்குச் சிங்கவரத்து நாட்கள் அதனினும் நீண்டிருத்தல் கூடும். யாத்திரைப் பேருந்தில் ஆயிரம் கல் வந்தவர்களைக் கேட்டால், கடைசிப் பத்துக் கல்லே நீண்டது என்று சொல்வார்கள். கோபணாரியர் அவசரப்படவில்லை. வேளைதோறும் வழிபாடு நடக்கச் செய்து, பகைவரை வென்று வழியைச் சீர்செய்து, அதன்பின்னரே பெருமானைப் புறப்படச் செய்தார்.

இஃது வெறுங்கதையன்று. திருவரங்கக் கோயிற் சுவரிலே சகம் 1293, அதாவது கி.பி. 1371-ஆம் ஆண்டைக் குறிக்கும் வடமொழிச் சுலோகங்கள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. அஞ்சனமலையிலிருந்து அரங்கனைக் கொண்டுவந்ததும், செஞ்சியிலே சிறிது காலம் ஆராதித்ததும், பின்பு அவனுடைய சொந்த நகரத்திலே தேவிமாரோடு மீண்டும் எழுந்தருளச் செய்ததும் அவற்றிற் சொல்லப்பட்டுள்ளன. ஒரு பெருமானின் நெடும்பயணத்தைச் சுருக்கிச் சொல்லும் இரண்டே பாடல்களிற் செஞ்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கோட்டையாலும் போராலும் செஞ்சியைப் பலர் அறிவர். வீடு திரும்பும் பெருமானுக்கு நிழல் தந்த ஊர் என்பதே அடியார்க்குப் பெருமை தரும் அடையாளம்.

திருவரங்கம் சேர்ந்தவுடன் துன்பம் தீர்ந்துவிட்டதா என்றால், அங்கேதான் எல்லாவற்றினும் அரியதோர் இடர் வந்தது. பெருமான் இல்லாத காலத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளச் செய்து வழிபாடு நடத்தி வந்திருந்தார்கள். புறப்பட்ட நாளிற் கண்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் மறைந்துவிட்டனர். வந்திருப்பவர் பழைய அழகிய மணவாளர்தாமா என்று சொல்லவல்லவர் எவருமில்லை. சொந்த வீட்டு வாசலிலே நின்று, ‘இவர் யார்?’ என்று கேட்கப்படும் நிலை பெருமானுக்கே நேர்ந்தது.

அப்போது முதியவரான வண்ணார் ஒருவர் இருப்பது தெரிய வந்தது. ஈரங்கொல்லி என்று வழங்கப்பட்ட அவர், பெருமானின் திருமஞ்சன ஆடைகளை முன்னாளில் வெளுத்தவர். ஆடையைப் பிழிந்த நீரைத் தீர்த்தமாகப் பருகி வந்தவர். இப்போது கண்ணும் இழந்திருந்தார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடை நீரை அவரிடம் கொடுத்தனர். முதலிற் பருகியபோது அவர் வாளா இருந்தார். அடுத்ததைப் பருகியவுடன் உடல் சிலிர்த்து, இவரே நம் பெருமாள் என்று உரைத்தார் என்று கோயிலொழுகு கூறும். அன்றுமுதல் அழகிய மணவாளருக்கு நம்பெருமாள் என்ற திருநாமம் வழங்கலாயிற்று.

அன்பர்கள் இதனை ஊன்றி எண்ணவேண்டும். அரசன் அடையாளம் சொல்லவில்லை; தண்டநாயகர் சொல்லவில்லை; சாத்திரம் வல்லவரும் சொல்லவில்லை. நாள்தோறும் தம் பணியைத் தவறாது செய்து, அந்தப் பணியாலேயே இறைவனை நாவிலும் நெஞ்சிலும் பதித்துக்கொண்ட ஓர் எளிய தொண்டரே சொன்னார். பெருமான் வீடு திரும்பினார் என்பது அந்த முதியவர் உரைத்த பின்னரே உண்மையாயிற்று. வீடு திரும்புகின்றவர்க்குச் சுவரும் கதவும் மட்டும் போதா. அறிந்துகொள்ளும் ஓர் உள்ளம் அங்கே காத்திருக்கவேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பெருமான் இல்லாத காலத்தில் அவர் இடத்திலே வழிபாடு ஏற்ற மற்றத் திருமேனியை விலக்கிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்று பெயரிட்டு, இன்றும் அக்கோயிலிலேயே சிறப்புச் செய்கின்றார்கள். போனவர் திரும்பியவுடன், இருந்து காத்தவரை மறந்துவிடலாகாது என்ற அறம் இதிலே விளங்குகின்றது. யாத்திரை சென்று மீண்ட குடும்பத்தில், பிரசாதத்தின் முதற்பங்கும் கங்கைநீரின் முதல் உத்தரணியும் வீட்டைக் காத்திருந்த முதியவர்க்கே உரியன. காலையும் மாலையும் மாடவிளக்கு ஏற்றிய அண்டை வீட்டு அம்மையார்க்கும் அதிலே பங்கு உண்டு.

மீளாமற்போனவற்றையும் செஞ்சியிலே காண்கின்றோம். கோட்டைக்குள் வெங்கடரமணர் ஆலயம் நாயக்கர் காலத்துச் சிற்பத்திறனுக்குச் சான்றாக நிற்கிறது. அதன் பெருந்தூண்களிற் பல பிரெஞ்சுக்காரர் காலத்திற் புதுச்சேரிக்குக் கொண்டு போகப்பட்டு, இன்று கடற்கரையிலே காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. காண்பார்க்கு அழகாகவே இருக்கின்றன. ஆயினும் தாங்குவதற்கு மேலே கூரை இல்லாத தூண்கள் அவை. 1677-இல் சிவாஜி கொண்ட கோட்டை, 1698-இல் முகலாயர் கொண்ட கோட்டை, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறிக் கொண்ட கோட்டை இது. 2025-ஆம் ஆண்டில் மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பார்க்க வருவோர் தொகை பெருகும். பெருகட்டும். ஆனால் கோட்டையைப் பார்க்க வருகின்றவர் வந்து போகின்றவர். கோயிலுக்கு வருகின்றவர் திரும்பி வருகின்றவர். இவ்வேறுபாட்டைக் காப்பது ஊராரின் பொறுப்பு.

திருக்குடமுழுக்கு என்பதும் ஒரு வீடு திரும்புதலே. திருப்பணி தொடங்கும்போது கலாகர்ஷணம் செய்து, மூர்த்தியின் கலைகளைக் கும்பத்திலே வாங்கி, பாலாலயம் என்னும் சிறு மனையிலே வைக்கின்றோம். பெரிய கோயிலுக்கு உரியவர் பலகையில் எழுதிய உருவிலே, சிறு கொட்டகையிலே, பொறுத்திருக்கின்றார். சுவர் எழும்பி, விமானம் பொலிவுபெற்று, யாகசாலை வேள்விகள் முற்றிய பின், கடங்கள் புறப்பட்டு மேளத்தோடு வலம்வந்து கோயிலுட் புகும்போது, இறைவன் தன் இல்லம் திரும்புகின்றான். சிங்கவரத்திற் காத்திருந்த அரங்கனின் நாட்களைத் திருப்பணி நடந்த ஒவ்வோர் ஊரும் இவ்வாறு தானும் வாழ்ந்து பார்க்கின்றது.

அதன்பின் நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிடேகம் நடைபெறும். அரங்கன் வெளியே இருந்த ஆண்டுகளும் நாற்பத்தெட்டே என்பது எண்ணி இன்புறத்தக்கது. அந்த நாற்பத்தெட்டு நாளும் திரளாக வருவோர், நாற்பத்தொன்பதாம் நாளும் வரவேண்டும். பொருள் உதவிய செல்வர்களின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்படும்; அஃது அவர்கட்கு உரிய சிறப்பே. அவர்கள் அளித்த கொடை பயன் தருவதோ, நாள்வழிபாட்டுக்கு எண்ணெயும் அரிசியும் பூவும் குறையாதிருக்கும்போதுதான். விமானத்துக்குப் பொன் பூசியவரும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகின்றவரும் ஒரே திருப்பணியைச் செய்கின்றவர்கள். ஈரங்கொல்லியின் வரலாறு இரண்டாமவரை நினைக்கச் செய்கின்றது.

இவ்வூர்களில் பிறந்து, பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றவர் பலர். ஆண்டுக்கு ஒருமுறையோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ, பிள்ளைகுட்டிகளோடு பேருந்து அமர்த்திக்கொண்டு குலதெய்வத்தைத் தேடி வருவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஊர் தெரியாது. தெருவின் பெயரும் தெரியாது. இரவிலே இருளிலே வந்து இறங்குகின்ற அந்தக் குழந்தைகளுக்குச் சந்நிதியில் எரியும் ஒரு சிறு சுடரே இதுவே நம் ஊர் என்று காட்டும். ‘நீ இன்னாருடைய பேரன் அல்லவா?’ என்று கேட்க ஒரு முதியவர் அங்கே இருப்பாராயின், அவர்களுடைய யாத்திரை அன்றே நிறைவெய்திவிடும். அந்தச் சுடரையும் அந்த முதியவரையும் காப்பதே இத்திருப்பணியின் எஞ்சிய பகுதி.

செஞ்சி தந்த நிழலிற் சிறிது காலம் இருந்து தன் நகரம் சேர்ந்த பெருமான், வழியிலிருக்கும் யாவரையும் நலமாக வீடு சேர்ப்பானாக. வீட்டிலிருந்து காக்கின்றவர்க்கு நெடிய வாழ்நாளும் நோயற்ற உடலும் அருள்வானாக. திருப்பணிச் செல்வர்களும் தொண்டர்களும் அவர்தம் குலமும் வாழையடி வாழையென வாழ்க!